கப்பு வந்துவிடும் போலிருக்கிறது

ஜெயித்துவிடுவோமோ என்ற பயம் ராஜமாணிக்கத்துக்கு முதன்முதலாக வந்தது சேத்தியாத்தோப்பில்தான். கயிறு இழுக்கும் போட்டியின் அரையிறுதி. கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி, அழைக்காத விருந்தாளி மாதிரி அவரை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"என்னாப்பா இது, நம்ம பக்கம் வருது?" என்று முன்னால் இருந்தவரிடம் கேட்டார்.

"அதான் எனக்கும் புரியல," என்றார் முன்னால் இருந்தவர்.

எதிரில் இழுத்தவர்கள் அரிசி ஆலைக்காரர்கள். நல்ல உழைப்பாளிகள். அன்று என்ன சாப்பிட்டுவிட்டு வந்தார்களோ, ஒருவர் பின் ஒருவராக வழுக்கிக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினார்கள். நடுவர் விசில் அடித்தார். இறுதிப் போட்டியில் வழக்கம்போலத் தோற்றாலும், விருத்தாசலம் பீங்கான் கம்பெனி அணி, அது பிறந்த நாளிலிருந்து முதன்முறையாக ஒரு போட்டியில் இரண்டாவது இடம் பிடித்தது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

"பாத்தீங்களா! அடுத்தது கப்புதான்!" என்றார் கேப்டன் கொளஞ்சியப்பன். அவர் கம்பெனியில் சூளையைப் பார்த்துக்கொள்பவர். சூளை நெருப்போடு பேசிப் பேசி, குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

"கப்புதான்!" என்று எல்லாரும் கத்தினார்கள். ராஜமாணிக்கமும் கத்தினார். கத்தும்போதே, இந்த டம்ளரோடு நின்றுவிடக்கூடாதா என்று வேண்டிக்கொண்டார்.

காரணம் இருக்கிறது.

அந்தக் கம்பெனியில் ராஜமாணிக்கத்துக்குச் சோதனைப் பிரிவு. வெந்து வந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சின்ன இரும்புக் கம்பியால் தட்டிக் காதில் வாங்கவேண்டும். கணீர் என்றால் பெட்டிக்குள். மொத்தென்றால் விரிசல், குப்பைக்கு. சத்தம் கேட்டால் வேலை கெட்டுவிடும் என்பதால் அவர் மேசைப் பக்கம் யாரும் பேசமாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட ஜாடையில் தேதி சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படியே பாதி ஆயுசு போய்விட்டது.

பிறகு ஒரு மருத்துவ முகாம் வந்தது. கம்பெனியில் எட்டுப் பேருக்குச் சர்க்கரை என்றார் டாக்டர். உடம்பு அசையவேண்டும் என்றார். தனித்தனியாக நடந்தால் வெட்கமாக இருக்குமே என்று எட்டுப் பேரும் சேர்ந்து கயிறு இழுக்கும் அணியாக ஆனார்கள். கயிற்றுக்காகவும், காலையில் அரைமணி தாமதமாக வேலைக்கு வருவதற்காகவும் முதலாளி மாணிக்கவேலிடம் போய் நின்றார்கள்.

"எவ்ளோ நாளைக்கு?" என்றார் முதலாளி.

"ஒரு கப்பு வாங்கற வரைக்கும் முதலாளி," என்றார் கொளஞ்சியப்பன், வாய் இருக்கிறது என்பதற்காக.

"சரி. கப்ப கொண்டாந்து ஆபீஸ் அலமாரியில வைங்க. வெச்ச மறுநாள் கயிறு ஸ்டோருக்கு வந்துடணும். நீங்களும் நேரத்துக்கு வந்துடணும். அதோட டீமு குளோஸு."

ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று முதலாளி நினைத்தார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த இரண்டு வருஷத்தில் அணி தோற்காத ஊர் இல்லை. பெண்ணாடத்தில் தோற்றார்கள். மங்கலம்பேட்டையில் தோற்றார்கள். ஓர் ஊரில் எதிரணி வராமலே தோற்றார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

ஆனால் ராஜமாணிக்கத்துக்கு அந்தக் கயிற்றில் கை வைத்தால் போதும். பின்னால் நிற்பவர் மூச்சு கழுத்தில் படும். முன்னால் நிற்பவர் முதுகு விரிவது தெரியும். கொளஞ்சியப்பன் "ஏலே" என்றதும் எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே இடுப்பு, ஒரே குதிகால். தோற்றுவிட்டு, மினி லாரியின் பின்னால் உட்கார்ந்து, எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றுகொண்டே, யாரால் தோற்றோம் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு வருவார்கள். அந்தத் திட்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கும். நாள் முழுக்கக் கட்டையைத் தட்டிக் கேட்ட காதுக்கு அது அமிர்தமாக இருந்தது. சர்க்கரையும் குறைந்துவிட்டது. அதுகூட இரண்டாம் பட்சம்.

இப்போது, கப்பு வந்துவிடும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆதிலட்சுமி முகத்தைப் பார்த்தாள்.

"என்னாங்க, மூஞ்சி இப்டி இருக்குது? நல்லாத்தான தோத்தீங்க?"

"இல்ல ஆதி. ரெண்டாவது வந்துட்டோம்."

"ஐயையோ," என்று முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அடுத்த தடவ ஜெயிச்சிடுவீங்களே."

"காணும்பொங்கலுக்கு நம்மூருலயே போட்டி. பெரிய கப்பு."

"ஜெயிச்சா டீமு இல்ல. டீமு இல்லன்னா காலையில வூட்டுலயே இருப்பீங்க." ஆதிலட்சுமி சற்று யோசித்தாள். அணி வருவதற்கு முந்தைய காலைகளில், அவர் வீட்டிலிருந்த சட்டி, பானை, தேங்காய் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அவளுடைய அண்ணன் தலையையும் தட்டிவிட்டு, "சுமார்தான்" என்றிருக்கிறார். "அதெல்லாம் ஆவாதுங்க. எதுனா பண்ணித்தான் ஆவணும்."

"என்னா பண்றது?"

"வயிறு முட்டத் தின்னா எவன் இழுப்பான்? நான் ஆக்கித் தரேன். தூக்கிக்கிட்டுப் போங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு ராஜமாணிக்கம் இரண்டு தூக்குச்சட்டி நிறைய இட்லியும் கறிக்குழம்பும் கொண்டுபோனார். "எங்க வூட்டுல குடுத்தாங்க. இழுக்கறதுக்கு முன்னாடி தெம்பா இருக்கட்டுமேன்னு."

அணி பாய்ந்தது. கொளஞ்சியப்பன் தின்றார், பிறகு மீதி இருப்பதைப் பார்த்து மறுபடி தின்றார். மூட்டை ஏற்றும் கார்முகில், அணியிலேயே பெரிய ஆள், குழம்புச் சட்டியைத் துடைத்துவிட்டு, "அடுத்த வாரம் குடல் குழம்பு வெக்கச் சொல்லுங்க மாமா," என்றார். இவ்வளவு வெறியோடு தின்பார்கள் என்று ராஜமாணிக்கமே எதிர்பார்க்கவில்லை.

ஒரு மாதம் ஊட்டினார். அதன் பலன், எட்டுப் பேரும் கனத்துப்போனார்கள். கயிறு இழுப்பதில் கனம் எவ்வளவு பெரிய சொத்து என்பதை ஆதிலட்சுமியும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. பயிற்சிக்காகக் களிமண் லாரியில் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். லாரி வந்தது. டிரைவர் இறங்கி ஓடிவந்து, "ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன்யா!" என்றார்.

"அதான் கொஞ்சம் இழுத்துப் புடிச்சுது," என்றார் கொளஞ்சியப்பன்.

அன்று இரவு ஆதிலட்சுமி, "சரி, சோறு வேலைக்கு ஆவல. ஆள மாத்துங்க," என்றாள்.

கயிறு இழுப்பதில் கடைசி ஆள்தான் நங்கூரம். கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்பவர். அந்த இடம் கார்முகிலுடையது. மறுநாள் காலையில் ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரு யோசனை. கடைசியில கார்முகிலுக்குப் பதிலா நம்ம செந்தமிழன நிறுத்தினா என்னா?"

எல்லாரும் செந்தமிழனைப் பார்த்தார்கள். ஈரத்துண்டைக் கொடியில் போட்டது மாதிரி ஓர் உடம்பு. சட்டைக்கு உள்ளே ஆள் இருக்கிறாரா என்று சில சமயம் சந்தேகம் வரும். சண்டைக்கு வருவார்கள் என்று ராஜமாணிக்கம் தயாராக இருந்தார்.

"அருமையான யோசனை!" என்றார் கொளஞ்சியப்பன்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார் கார்முகில், கூட்டமான பஸ்ஸில் தன் ஸ்டாப் வந்துவிட்ட ஆளைப் போலக் கயிற்றை உடனே கழற்றிக் கொடுத்துவிட்டு.

"என்னால முடியுங்களா?" என்றார் செந்தமிழன்.

"முடியாட்டியும் பரவால்லப்பா," என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். அந்த நல்ல மனசை நினைத்து ராஜமாணிக்கத்துக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது.

செந்தமிழன் கம்பெனியில் பலகை தூக்குபவர். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் வேகாத கட்டைகளை நீளப் பலகையில் அடுக்கித் தோளில் வைத்து, குழைசேறு வழியும் தரையில் வெறுங்காலோடு நடந்து, காயவைக்கும் அறைக்குக் கொண்டுபோகவேண்டும். வழுக்கினால் அரைநாள் வேலை போச்சு. இருபது வயதிலிருந்து அவர் வழுக்கியதில்லை. அந்தக் கால்விரல்கள் தரையைக் கவ்வுவதற்கென்றே வளர்ந்திருந்தன. பேக்கிங் பிரிவு மொத்தமும் எதிரில் நின்று இழுத்துப் பார்த்தது. அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பவர் மாதிரி நின்றார். அவர் நின்ற இடத்தில் விரலுக்கொரு குழி. மார்கழி மழையில் அதில் தண்ணீர் தேங்கி, குருவிகள் வந்து குளித்துவிட்டுப் போயின.

"உடும்பு டோய்!" என்றார் கார்முகில். சந்தோஷமாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று தெரியவில்லை.

பொங்கல் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் ராஜமாணிக்கம் பஸ் ஏறி வேப்பூருக்குப் போனார்.

வேப்பூர் லாரி லோடுமேன்கள் அணிதான் வருஷா வருஷம் கப்பை வாங்குவது. அவர்கள் கேப்டன் தங்கதுரை, நெடுஞ்சாலை ஓரத்துப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சுக்கு அவர் பாரமா, அவருக்குப் பெஞ்சு பாரமா என்று சொல்லமுடியாத ஆகிருதி.

"நான் விருத்தாசலம் பீங்கான் டீமுங்க," என்றார் ராஜமாணிக்கம் தணிந்த குரலில்.

தங்கதுரை தலையை நிமிர்த்திப் பார்த்தார். வாயிலிருந்த பரோட்டா அப்படியே நின்றது. "சொல்லுங்க."

"எங்க கேப்டன் ரெண்டு தடவ சும்மா 'ஏலே'ம்பாரு. அதுல இழுக்கமாட்டோம். மூணாவது ஏலேயிலதான் மொத்த பலமும். நீங்க ரெண்டாவதுலயே இழுத்துட்டா, நாங்க காலி."

"எதுக்கு இத எங்கிட்ட சொல்றீங்க?"

"ஒரு நல்லெண்ணந்தாங்க."

தங்கதுரை விரல்களை மடக்கி என்னவோ கணக்குப் பார்த்தார். "உங்க டீமுல மொத்தம் எத்தன பேரு?"

"எட்டுங்க."

"எட்டு," என்று பெருமூச்சு விட்டார் தங்கதுரை. "பரோட்டா சாப்புடுறீங்களா?"

இரண்டு சாப்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

காணும்பொங்கல் அன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. மணிமுத்தாற்றுக்கு அக்கரையிலிருந்துகூடச் சனம் வந்திருந்தது. முதல் சுற்றுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர்கள் செந்தமிழனை நகர்த்திப் பார்த்தார்கள், நகரவில்லை, வீட்டுக்குப் போனார்கள். இறுதிப் போட்டி வேப்பூரோடு. மூன்றில் இரண்டு இழுப்பு ஜெயித்தால் கப்பு.

ராஜமாணிக்கம் நம்பிக்கையோடு கயிற்றைப் பிடித்தார். அப்போது பார்த்து, கொளஞ்சியப்பன் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது.

"என்னா கேப்டன்?"

கொளஞ்சியப்பன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். "கட்டிக்கிச்சு," என்று காற்றாக வந்தது. "இன்னிக்கு ஏலே கெடையாது. அவனவன் இஷ்டத்துக்கு இழுங்க."

ராஜமாணிக்கம் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டாவது ஏலேக்காக வேப்பூரே அங்கே காத்துக்கொண்டிருக்குமே!

விசில் ஊதியது. வேப்பூர்க்காரர்கள் விசித்திரமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒருவர் கார்முகிலின் இடது முழங்காலையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒருவர் வலதுபக்கம் சாய, பின்னால் இருந்தவர் இடதுபக்கம் சாய்ந்தார். "இப்பவா?", "இன்னும் இல்லடா!" என்று அவர்களுக்குள் தகராறு வேறு. அதற்குள் மொத்தக் கூட்டமும், கட்டவிழ்ந்த மூட்டைகள் மாதிரி கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

மைதானம் அதிர்ந்தது. இன்னும் ஓர் இழுப்பு. கப்பு மேடையில் வெயிலில் மின்னியது. ராஜமாணிக்கத்துக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த ஊர்ப் பீங்கான் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. வேகாத சரக்குக்குப் பச்சை என்று பெயர். பச்சை அடுக்கிய பலகையோடு ஆள் வரும்போது, "பச்ச வருது!" என்று கத்துவார்கள். அந்தக் குரல் கேட்டால், கையில் எது இருந்தாலும் அதை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, சுவரோரம் ஒட்டி மூச்சைப் பிடித்து நிற்கவேண்டும். முதலாளியானாலும் நிற்கவேண்டும். இது மூளைக்குப் போகிற உத்தரவு இல்லை. நேராகக் கைகால்களுக்குப் போய்விடும். கம்பெனி ஆள் ஒருவர் கல்யாணத்தில் எந்தப் பாவியோ இப்படிக் கத்தி, தாலி கட்டப்போன மாப்பிள்ளை சுவரோரம் போய் நின்றது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது இழுப்பு. வேப்பூர்க்காரர்கள் ரோஷத்தோடு, தரையில் படுக்கிற அளவுக்குச் சாய்ந்து இழுத்தார்கள். அப்படியும் சிவப்புத் துணி இந்தப் பக்கமே வந்தது. இன்னும் ஒரு சாண். ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பச்ச வருது!"

அவர் குரல் அவருக்கே மூன்று நான்கு பேர் குரல் மாதிரிக் கேட்டது. மைதானத்தில் எதிரொலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டுப் பேரும் கயிற்றைப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் ஒதுங்கி, இல்லாத சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பார்வையாளர்களில் பாதிப்பேர் பீங்கான் தொழிலாளிகள், அவர்களும் நின்றார்கள். மேடையில் முதலாளி மாணிக்கவேல் கையிலிருந்த மைக்கைக் கீழே விட்டுவிட்டு, திரையோடு ஒட்டிக்கொண்டார். வேப்பூர் அணி முழுசும் மல்லாக்கப் பறந்து, சுண்டல் வண்டியைத் தாண்டிப் போய்க் குவிந்தது.

"யார்ரா கத்துனது?" என்று மைதானமே அதிர முழங்கினார் கொளஞ்சியப்பன். பிறகு நினைவு வந்தவராக இருமிவிட்டு மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

கயிற்றை விட்டதால் அந்த இழுப்பு வேப்பூருக்கு. ஒன்றுக்கொன்று சமம். ராஜமாணிக்கத்துக்கு உயிர் வந்தது.

மூன்றாவது இழுப்புக்கு வேப்பூர்க்காரர்கள் நொண்டிக்கொண்டும், இடுப்பைப் பிடித்துக்கொண்டும் வந்தார்கள். ராஜமாணிக்கம் ஒரு முடிவோடு இருந்தார். கயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்பது. இழுப்பதில்லை. ஆதிலட்சுமி கூட்டத்தில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியது.

வேப்பூர்க்காரர்கள் சாயவில்லை. மறுபடியும் கயிற்றை விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், ரேஷன் கடை வரிசையில் நிற்பது மாதிரி நெட்டுக்குத்தாக நின்றார்கள். ராஜமாணிக்கமும் நினைத்தபடி சும்மாத்தான் நின்றார். அப்போது பின்னால் இருந்தவர் மூச்சு கழுத்தில் பட்டது. முன்னால் இருந்தவர் முதுகு விரிந்தது. அவ்வளவுதான். கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. இடுப்பு கேட்கவில்லை. குதிகால் தானாகப் போய் மண்ணைக் குத்தியது. யாரும் ஏலே சொல்லவில்லை. ஆனாலும் எட்டுப் பேருக்கும் ஒரே நொடியில் அது கேட்டது. நெஞ்சு நிறைய என்னவோ பொங்கியது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இழுத்தார். முன்னாலும் பின்னாலும் சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லாரும் மல்லாந்து விழுந்தபோது, சிவப்புத் துணி ராஜமாணிக்கத்தின் நெஞ்சின்மேல் கிடந்தது.

மேடையில் முதலாளி கப்பை அணைத்துக்கொண்டு, "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்கய்யா!" என்றார். "நாளைக்குக் காலையில கயித்த ஸ்டோர்ல குடுத்துடுங்க."

"சரிங்க முதலாளி," என்றார் கொளஞ்சியப்பன், அட்சரம் பிசகாமல்.

ஊர் பட்டாசு வெடித்தது. எட்டுப் பேரும் மினி லாரியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்கள். கப்பை நடுவில் வைத்து, சுற்றிலும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். கார்முகில் துண்டால் கண்ணைத் துடைத்தார். செந்தமிழன் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழச் சோற்றை யாரும் திறக்கவில்லை.

"சந்தோசத்துல பேச்சே வரல பாரு," என்று கீழே நின்ற ஒருவர் சொன்னார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி தங்கதுரை வந்தார். லாரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு எட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ராஜமாணிக்கம் செந்தமிழன் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அது ஒளிவதற்கான முதுகு இல்லை.

"ஏங்க, ஒரு டீமுல ஒருத்தன் வந்து காட்டிக்குடுத்தா, அத வெச்சி நாங்க ஜெயிச்சிருப்போம்," என்றார் தங்கதுரை அழாத குறையாக. "எட்டுப் பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம பஸ்ஸேறி வந்து, பரோட்டாவத் தின்னுப்புட்டு, ஆளுக்கொரு ரகசியம் சொல்லிட்டுப் போனா, நாங்க எதத்தாங்க நம்பி இழுக்கறது?"